கேட்டதில் எஞ்சுவது எது? தொடர்மொழியும் மனித நினைவும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கல்முனைக்குடியிலோ நிந்தவூரிலோ பள்ளிவாசலிலிருந்து வெளிவரும் ஒருவரை நிறுத்தி, இன்றைய குத்பாவில் என்ன கூறப்பட்டது என்று கேட்டுப் பார்ப்போம். அண்டை வீட்டாரின் உரிமைகள் பற்றிப் பேசப்பட்டது, ஸஹாபி ஒருவரின் சம்பவமும் சொல்லப்பட்டது என்பார். கதீப் மொழிந்த ஒரே ஒரு வாக்கியத்தை அவர் மொழிந்தவாறே கூறுமாறு கேட்டால் திகைத்து நிற்பார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் மகாபாரதக் கதை கேட்டுத் திரும்புபவரின் நிலையும் இதுவே. இருவரும் கூர்ந்தே கேட்டனர். கேட்டது விளங்கியும் இருக்கிறது. ஆனால் சொற்கள் போய்விட்டன. பொருள் மட்டும் தங்கிவிட்டது.

இது கவனக்குறைவன்று. மனித மனம் தொடர்மொழியைக் கையாளும் இயல்பான முறையே இதுதான். 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜாக்குலின் சாக்ஸ் செய்த சோதனை இதனைத் தெளிவாகக் காட்டியது. தொலைநோக்கி கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு போன்ற சிறு உரைப்பகுதிகளை அவர் கேட்போருக்கு ஒலிக்கச் செய்தார். பின்னர் அதிலிருந்த ஒரு வாக்கியத்தைச் சில வேளை அவ்வாறேயும், சில வேளை சொல்லமைப்பை மட்டும் மாற்றியும், சில வேளை பொருளையே மாற்றியும் கூறி, முன்னர் கேட்டது இதுதானா என வினவினார். இடையில் எண்பது அசைகள் அளவுக்குப் பேச்சு கடந்துவிட்டால், அதாவது அரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், சொல்லமைப்பு மாறியதைப் பெரும்பாலோர் உணரவில்லை. பொருள் மாறியபோது உடனே கண்டுகொண்டனர்.

இவ்விடயம் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனைத் தமது துறையின் மையப் பிரச்சினைகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டனர். கேட்ட சொற்களை மாறாது அறிவிப்பது ஒன்று. கேட்டதன் பொருளைத் தமது சொற்களில் அறிவிப்பது மற்றொன்று. இரண்டாவதை ஏற்கலாமா, ஏற்பதாயின் எவரிடமிருந்து ஏற்கலாம் என்பது குறித்து நீண்ட விவாதங்கள் நடந்தன. ஹிஜ்ரி 204இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ அவர்கள் தமது 'அர்ரிஸாலா'வில் இதற்கு விதித்த நிபந்தனை சிந்தனைக்குரியது: எந்தச் சொல்லை மாற்றினால் பொருள் பிறழும் என்பதை அறியாதவர் கேட்ட சொல்லையே அறிவித்தல் வேண்டும். மொழியறிவும் விடய அறிவும் உள்ளவரின் நினைவே பொருளைச் சிதைக்காது காக்கும் என்ற நுண்ணிய கருத்து இதனுள் அடங்கியிருக்கிறது.

பராஉ இப்னு ஆஸிப் (ரழி) அவர்களின் சம்பவத்தை நம்மில் பலர் அறிவர். உறங்கச் செல்லுமுன் ஓதவேண்டிய துஆ ஒன்றை நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்பித்தார்கள். அவர் அதனைத் திரும்ப ஓதிக் காட்டியபோது 'நபி' என்ற சொல் வரவேண்டிய இடத்தில் 'ரஸூல்' என்று கூறிவிட்டார். உடனே அவர் திருத்தப்பட்டார். உலக வழக்கில் இவ்விரு சொற்களும் ஒரே மனிதரையே குறிக்கும். சாக்ஸின் சோதனையில் கலந்துகொண்டோரைப் போன்றே அவருடைய மனமும் பொருளைப் பிடித்துக்கொண்டு சொல்லை நழுவவிட்டது. ஆயினும் துஆவின் சொற்கள் கற்பிக்கப்பட்டவாறே நிற்கவேண்டியவை. எந்த இடத்தில் சொல் காக்கப்படவேண்டும், எந்த இடத்தில் பொருள் போதும் என்ற பகுப்பு அன்றே இருந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் அல்குர்ஆனை முழுமையாக மனனமிட்ட ஹாபிழ்களின் நிலை என்ன? நமது கரையோர ஊர்களில் ஹிப்ழு மத்ரஸாக்களில் பயிலும் சிறுவர்களின் தாய்மொழி தமிழ். அவர்கள் மனனமிடுவதோ 114 அத்தியாயங்களையும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்களையும் கொண்ட அரபு மூலம். ஆரம்பத்தில் பெரும்பாலோருக்கு அதன் பொருளும் தெரியாது. பொருளைத் தங்கவைத்துச் சொல்லை உதறிவிடுவதே மனத்தின் இயல்பு என்றால், இங்கு அதற்கு நேர்மாறானதொன்று நிகழ்கிறது.

இந்த ஆற்றல் எளிதில் வருவதில்லை. இயல்பாக உதவும் பொருள் இல்லாதபோது வேறு தூண்கள் நடப்படுகின்றன. வசன முடிவுகளின் ஒலி இயைபு ஒரு தூண். தஜ்வீத் விதிகளின்படி நீட்டியும் குறுக்கியும் ஓதும் ஓசை மற்றொன்று. ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு நிறைவடையும் அச்சுப் பிரதியையே மாணவர் தொடர்ந்து பயன்படுத்துவதால், வசனம் பக்கத்தின் எவ்விடத்தில் இருக்கிறது என்ற காட்சியும் மனத்தில் பதிகிறது. இவை அனைத்துக்கும் மேலாக, பழைய பாடத்தை நாள்தோறும் உஸ்தாதிடம் பார்க்காது ஓதிக் காட்டும் ஒழுங்கு இருக்கிறது. கட்டிவைத்த ஒட்டகம் கவனியாது விட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடுவதைப் போன்றது மனனமிட்ட குர்ஆன் என்ற நபிமொழி, மறதியின் வேகத்தை அறிந்து சொல்லப்பட்டதாகும். 1885இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனமிட்டு மறதியை அளந்து காட்டியபோது, முதல் நாளிலேயே மிகப் பெரும் பகுதி நழுவிவிடுவதைக் கண்டார்.

ஹாபிழ்களைக் கேட்டால் இன்னொன்றையும் கூறுவர். அவர்களைத் தடுமாறச் செய்வது நீண்ட வசனங்களோ கடினமான சொற்களோ அல்ல. ஒன்றையொன்று ஒத்த வசனங்களே. ஓர் அத்தியாயத்தில் ஓதிக்கொண்டிருக்கும்போதே, அதே தொடர் வரும் வேறோர் அத்தியாயத்துக்கு நா தாவிவிடும். பொருளையும் சந்தர்ப்பத்தையும் அறிந்தவருக்கு இத்தடுமாற்றம் குறைவு. றமழான் தராவீஹில் இமாமுக்குப் பின்னால் மற்றொரு ஹாபிழ் நின்று செவிமடுக்கும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. தனி மனித நினைவை நம்பாது, பல நினைவுகளை ஒன்றுக்கொன்று காவலாக நிறுத்திய ஏற்பாடு அது.

சொல்லுக்குச் சொல் என்று நாம் நினைப்பது எப்போதும் சொல்லுக்குச் சொல்லாக இருப்பதில்லை. 1930களில் அமெரிக்கரான மில்மன் பரியும் அவருடைய உதவியாளர் அல்பர்ட் லோர்டும் யூகோஸ்லாவியாவின் முஸ்லிம் ஊர்களில் வீரகதைப் பாடகர்களைத் தேடிச் சென்று ஒலிப்பதிவு செய்தனர். அவர்களுள் எழுத்தறிவற்ற இறைச்சி வியாபாரியான அவ்தோ மெஜெதோவிச் 1935இல் பாடிய ஒரு கதை மட்டும் பன்னிரண்டாயிரம் வரிகளைத் தாண்டியது. பிறிதொரு பாடகர் பாடிய ஈராயிரத்துச் சொச்சம் வரிகள் கொண்ட கதையை முதன்முறையாகக் கேட்டவுடனேயே, அதனை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளாக விரித்துப் பாடவும் அவரால் முடிந்தது. அப்பகுதியின் பாடகர்கள் சிலர், தாம் ஒரு கதையை எத்தனை முறை பாடினாலும் ஒரு சொல்லும் மாறாது என்று சத்தியம் செய்யாத குறையாகக் கூறினர். பதிவுகளை ஒப்பிட்டபோதோ ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறியிருந்தன. அவர்கள் பொய்யர்கள் அல்லர். கதையின் எலும்புக்கூடும், யாப்பும், வழக்கமான சொற்கோவைகளும் மாறாதிருந்தமையால் பாட்டு மாறவில்லை என்றே அவர்கள் உண்மையாக நம்பினர்.

நமது கிழக்கிலங்கைக் கவிகளும் இவ்வகையின. வயல் வேலையிலும், காவற் பரணிலும், வீட்டு முற்றத்திலும் வழங்கிய நான்கடிக் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் பெருமுயற்சியுடன் திரட்டித் தந்தனர். கவிகள் ஊருக்கு ஊர் சொல் மாறி வழங்குவன. ஆனால் எதுகையும் மோனையும் விழும் இடங்கள் எளிதில் அசைவதில்லை. அசைந்தால் கவியே உடைந்துவிடும். ஓசை ஓர் ஆணியைப் போல் அடிக்கப்பட்டிருக்க, இடையிலுள்ள சொற்களே காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப நகர்கின்றன. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா' வினா விடை வடிவில் அமைந்தமையும் ஆராயத்தக்கது. வினா ஒன்று காதில் விழுந்ததுமே விடை தானாக எழும் அமைப்பு அது. மார்க்க அறிவைப் பாமரர் நெஞ்சில் தங்கச் செய்ய அன்றைய புலவர்கள் கண்ட வழி, இன்றைய உளவியலாளரின் கருத்துக்கு மிக அண்மையில் இருக்கிறது.

இனி, பொருள் எவ்வாறு தங்குகிறது என்பதற்கு வருவோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, நாட்கள் பல கழித்துத் திரும்பச் சொல்லச் செய்த சோதனைகளை விபரிக்கிறார். திரும்பி வந்த கதையில் ஓடம் படகாகியிருந்தது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகியிருந்தது. விளங்காத ஆவிகள் மெல்ல மறைந்துவிட்டன. கேட்பவர் தம்மிடம் ஏற்கெனவே உள்ள உலக அறிவின் அச்சில் கதையை வார்த்துக்கொள்கிறார் என்பதே அவருடைய முடிவு. 1983இல் வால்டர் கின்ட்ஷும் டியூன் வான் டைக்கும் இதனை மேலும் பகுத்துக் காட்டினர். ஓர் உரை மனத்தில் மூன்று நிலைகளில் பதிகிறது: சொற்களாக, அச்சொற்கள் உணர்த்தும் கருத்துகளாக, அக்கருத்துகள் சுட்டும் நிலைமையின் சித்திரமாக. முதலாவது விரைவில் அழியும். மூன்றாவதே நெடுங்காலம் நிற்கும். ஆனால் அச்சித்திரத்தை வரைவதற்கு உரையில் இல்லாத பலவற்றைக் கேட்பவர் தாமே கொண்டுவர வேண்டும்.

கல்முனையிலிருந்தே ஓர் உதாரணம் தரலாம். 'கல்யாணம் முடிந்த மறுவாரம் பிள்ளையின் சாமான்களை ஏற்றிக்கொண்டு வண்டி போனது. தாய் வாசலில் நின்று அழுதாள்' என்று ஒரு கதையில் வருவதாகக் கொள்வோம். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் மணமகள் புகுந்த வீட்டுக்குச் செல்வதாகவே எண்ணுவார். மணமகன் பெண் வீட்டிற் குடியேறும் வழக்கமுள்ள நமது கரையோர முஸ்லிம் ஊர்களின் வாசகரோ, மகனை அனுப்பும் தாயையே காண்பார். சொற்கள் ஒன்றே, மொழியும் ஒன்றே, சித்திரங்கள் இரண்டு. 1979இல் இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் ஓர் இந்தியத் திருமணத்தையும் ஓர் அமெரிக்கத் திருமணத்தையும் விபரிக்கும் கடிதங்களை வாசிக்கக் கொடுத்து ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சாராரும் தமது வழக்கத்துக்குரிய கடிதத்தை விரைவாக வாசித்தனர், அதிகம் நினைவிற்கொண்டனர். மற்றையதைத் தமது வழக்கத்துக்கேற்பத் திரித்தும் கூறினர்.

இதன் விளைவு பாடசாலைகளிலேயே கடுமையாக உணரப்படுகிறது. மருதமுனை, பெரியநீலாவணை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி நிற்கும் இக்கரையில், இரு சமூகத்துப் பிள்ளைகளும் தமிழ் மொழியிலேயே கற்கின்றனர். பரீட்சையில் அவர்களுக்கு ஒரே கிரகித்தற் பந்தி கொடுக்கப்படுகிறது. பந்தி தைப்பொங்கலைப் பற்றியதாயின் காரைதீவுப் பிள்ளைக்குப் பாதி விடை வீட்டிலேயே கிடைத்துவிடும். ஹஜ்ஜைப் பற்றியதாயின் அந்த வசதி சாய்ந்தமருதுப் பிள்ளைக்கு. புகையிரதத்தைப் பற்றியதாயின் இருவருக்கும் சிரமம். மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. 1988இல் அமெரிக்கப் பாடசாலை மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், வாசிப்பில் பலவீனமானவர்களாயினும் பேஸ்போல் விளையாட்டை நன்கறிந்த பிள்ளைகள், வாசிப்பில் வல்லவராயிருந்தும் அவ்விளையாட்டை அறியாத பிள்ளைகளைவிட, அவ்விளையாட்டுப் பற்றிய பந்தியைச் சிறப்பாக விளங்கி நினைவுகூர்ந்தனர். நாம் மொழித்திறன் என்று புள்ளியிடுவதில் ஒரு பகுதி உலக அறிவே என்பதை ஆசிரியர்கள் மனங்கொள்ள வேண்டும்.

தலைப்பு என்ற சிறு விடயத்தையும் இங்கு தொட்டுச் செல்லலாம். 1972இல் ஜோன் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜோன்சனும் துணி துவைப்பதை, அது துணி துவைப்பது என்று கூறாமலே விபரிக்கும் பந்தி ஒன்றை வாசித்துக் காட்டினர். எளிய சொற்கள்தாம், ஆயினும் ஒன்றும் விளங்கவில்லை. தலைப்பை முன்கூட்டியே அறிந்தவர்கள் ஏனையோரைவிட ஏறத்தாழ இரு மடங்கு நினைவிற்கொண்டனர். தலைப்பைப் பின்னர் கூறியதால் பயன் ஏதும் விளையவில்லை. பாடத்தை நடத்திவிட்டு இறுதியில் 'இதுதான் இன்றைய பாடம்' என்று கரும்பலகையில் எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு!

நமது பாடசாலைகளில் இன்னும் நிலவும் குறிப்பு மனனத்தைப் பற்றியும் கூறாமலிருக்க முடியாது. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பை மாணவர் பரீட்சைக்கு முதல் நாள் இரவு பத்து முறை வாசிக்கிறார். ஹிப்ழு மாணவரும் பல முறை வாசிக்கிறார் என்று இதற்கு நியாயம் சொல்வோர் உளர். ஒப்பீடு பிழையானது. ஹிப்ழு மாணவர் ஒவ்வொரு நாளும் நூலை மூடிவிட்டு ஓதிக் காட்டுகிறார். தவறினால் அங்கேயே திருத்தப்படுகிறார். குறிப்பை வாசிப்பவர் நூலை மூடுவதே இல்லை. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெப்ரி கார்ப்பிக்கியும் பல்கலைக்கழக மாணவரிடம் செய்த சோதனையில், ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை வாசித்தவர்கள் ஒரு வாரத்தின் பின் அதில் ஏறத்தாழ 40 வீதத்தையே நினைவுகூர்ந்தனர். ஒரு தடவை வாசித்து மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 61 வீதத்தை நினைவுகூர்ந்தனர். ஐந்து நிமிடத்தில் கேட்டிருந்தாலோ நான்கு தடவை வாசித்தவர்களே முன்னணியில் நின்றனர். முதல் நாள் இரவின் வாசிப்பு பலனளிப்பதாக மாணவர் நம்புவதன் இரகசியம் இதுவே.

பவணந்தி முனிவரின் நன்னூல் இதனை எப்போதோ கணக்கிட்டுத் தந்திருக்கிறது. ஆசிரியர் உரைப்பதை நன்கு உள்வாங்கினாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கே. உடன் கற்போருடன் பயிலும்போது மற்றொரு காற்பங்கு. பிறருக்குத் தான் எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் வந்து சேரும் என்பது அதன் கணக்கு. பதவுரையோடு நின்றுவிடாது பொழிப்புரையும் எழுதிய நமது உரை மரபு, சொல்லைக் கடந்து முழுப்பொருளைத் திரட்டும் பயிற்சியாகவே இருந்தது. பரீட்சையில் இன்றும் இடம்பெறும் சுருக்கம் எழுதுதல் அப்பயிற்சியின் எச்சமே. துரதிஷ்டவசமாக, அதற்கும் மாதிரி விடைகள் அச்சாகிக் கடைகளில் விற்பனையாகின்றன.

இவையெல்லாம் பரீட்சைப் புள்ளிகளோடு முடிந்துவிடும் விடயங்கள் அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த பூமியதிர்ச்சிக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின் ஆழிப்பேரலை நமது கரையைத் தாக்கியது. இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை, அம்பாறை மாவட்டமே பறிகொடுத்தது. அதே அலை, பூமியதிர்ச்சி மையத்துக்கு மிக அண்மையிலுள்ள சிமெலூ என்ற இந்தோனேசியத் தீவைச் சில நிமிடங்களிலேயே தாக்கியது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் எழுவர் மட்டுமே.

அவர்களைக் காத்தது ஒரு கதை. 1907இல் அத்தீவில் பேரலை ஒன்று பலரைக் காவுகொண்டது. தப்பியவர்கள் அதனை 'ஸ்மொங்' என்ற சொல்லோடு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கூறிவந்தனர். தாலாட்டிலும் பாடலிலும் அது ஏறியது. 1907இல் இறந்தோர் எவர், எந்தக் கிழமை, எந்த வீடுகள் அழிந்தன என்ற விபரங்கள் காலப்போக்கில் தேய்ந்தன. தேயாது நின்றவை காரண காரியமாகப் பிணைந்த சில கண்ணிகளே: நிலம் பலமாக அதிரும், பின் கடல் வற்றும், உடனே மலைக்கு ஓடு. ஒரு கண்ணியைத் தொட்டால் அடுத்தது வரும். 97 ஆண்டுகள் கழித்து நிலம் அதிர்ந்தபோது, அத்தீவு மக்கள் எவருடைய அறிவித்தலுக்கும் காத்திராது மேட்டுநிலத்துக்கு ஏறினர்.

அக்கதை நம்மிடம் இருந்திருந்தால் நாமும் தப்பியிருப்போம் என்று கூறுவது எளிது, ஆனால் சரியன்று. சிமெலூவில் நிலம் அதிர்ந்தது போல் நமது கரையில் மக்களை எச்சரிக்கும் அளவுக்கு அதிர்வு எதுவும் உணரப்படவில்லை. அக்கதையின் முதற் கண்ணியே இங்கு இல்லை. ஓடி ஏற மலையும் இல்லை. கடலுக்கும் மேற்கே விரியும் வயல்வெளிக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் நம்முடையவை. பிறருடைய கதையைச் சொல்லுக்குச் சொல் மனனமிடுவதால் இங்கு பயனில்லை. நமது நிலத்துக்குரிய கண்ணிகளைக் கொண்டு நமது கதை கோக்கப்பட வேண்டும்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கரையோர மக்கள் கடலை விட்டு விலகி ஓடினர். அன்று ஓடியவர்கள் 2004ஐக் கண்ணாற் கண்டவர்கள். பேரலை வரவில்லை. இன்று நமது பாடசாலைகளில் பயிலும் பிள்ளைகளோ 2004க்குப் பின் பிறந்தவர்கள். அவர்களிடம் இருப்பது கேட்ட கதை மட்டுமே. ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் திகதி கத்தமுல் குர்ஆனும் துஆப் பிரார்த்தனையும் ஆத்மசாந்திப் பூசைகளும் நடைபெறுகின்றன. அன்று முதியோர் கூறும் கதைகளில் இழப்பின் துயரம் நிறைந்திருக்கிறது, அது இயல்பு. அக்கதைகளோடு சேர்த்து, அதிர்வு உணரப்படாமலும் அலை வரலாம் என்பதும், முதலில் வந்த அலையோடு அது முடிந்துவிடாது என்பதும், எந்த ஒழுங்கையால் மேற்கே செல்வது என்பதும் அந்தந்த ஊரின் பெயர்களோடு சொல்லப்பட வேண்டும். சொன்ன பின் நூலை மூடிவிட்டுப் பிள்ளையைத் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும். கவி கட்டத் தெரிந்தவர்கள் நமது ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.